வக்கீல் மேல் சந்தேகமா? சண்டைக்குப் போவதற்கு முன் இந்த 7 விஷயங்களைச் செய்யுங்கள்!

போன தீபாவளி லீவுக்குக் கச்சிராயபாளையம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து மஞ்சப்பையில் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தார். வரப்புத் தகராறு. கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் மரவள்ளிக் காட்டுக்குப் போகிற பாதையைப் பக்கத்துக் காட்டுக்காரர் அடைத்துவிட்டதாக அவர் போட்ட வழக்கு, நாலு வருடமாக நடக்கிறது.

"பாப்பா, எனக்கு என்னமோ நம்ம வக்கீல் அந்தப் பக்கம் விலை போயிட்டாருன்னு தோணுது."

"ஏன் பெரியப்பா அப்படிச் சொல்றீங்க?"

"போன வாய்தாவுக்குப் போனப்ப, எதிராளி வக்கீலோட ஒண்ணா உட்கார்ந்து டீ குடிச்சிட்டு இருந்தாரும்மா. சிரிச்சுப் பேசிட்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கோர்ட்டுக்குள் எதிரெதிராக வாதாடும் இரண்டு வக்கீல்கள் வெளியே வந்து ஒரே கடையில் டீ குடிப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அது துரோகம் இல்லை. இதை அவருக்குப் புரியவைக்க, "இருங்க, உங்க கேஸ் எந்த நிலைமையில இருக்குன்னு பார்த்திடலாம்" என்று சொல்லி, செல்போனில் 'இகோர்ட்ஸ்' செயலியை இறக்கி, அவர் பெயரையும் வழக்கு போட்ட வருடத்தையும் கொடுத்துத் தேடினேன்.

வழக்கு வந்தது. அதற்குக் கீழே இருந்ததைப் படித்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. வாதி தரப்பில் யாரும் ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடி. தேதி, 14 மாதங்களுக்கு முன்பு.

அந்த 14 மாதங்களில் பெரியப்பா ஒன்பது முறை வாய்தா என்று பஸ் ஏறிப் போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் குமாஸ்தா கையில் 500 ரூபாய் கொடுத்துவிட்டு, "அடுத்த மாசம் வாங்க" என்ற பதிலோடு திரும்பியிருக்கிறார்.

அவர் சந்தேகப்பட்ட விஷயம் தப்பு. சந்தேகப்படாமல் விட்ட இடத்தில்தான் விஷயமே இருந்தது. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன். அந்த வக்கீலின் பெயரும் கோர்ட்டின் பெயரும் இங்கே வேண்டாம். உங்கள் கேஸை நீங்கள் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் முக்கியம்.

தாமதம் வேறு, அலட்சியம் வேறு, மோசடி வேறு

முதலில் இந்த மூன்றையும் பிரித்துப் பாருங்கள்.

வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது என்றால் அது பெரும்பாலும் வக்கீலின் தப்பாக இருக்காது. நீதிபதி லீவு, எதிர்த்தரப்பு கேட்ட வாய்தா, சம்மன் சேராதது என்று பல காரணங்கள் உண்டு. வழக்கில் தோற்றுவிட்டோம் என்பதும் ஏமாற்றுக்கு அடையாளம் இல்லை. எந்த வழக்கிலும் ஒருவர் தோற்கத்தான் வேண்டும்.

தேதிக்கு ஆஜராகாமல் விடுவது, கெடுவுக்குள் மனு போடாமல் விடுவது எல்லாம் அலட்சியம். பொய்யான தேதி சொல்வது, போடாத வழக்கைப் போட்டதாகச் சொல்வது, உங்களுக்கு வந்த பணத்தைத் தராமல் வைத்துக்கொள்வது, உங்கள் கையெழுத்தைத் தவறாகப் பயன்படுத்துவது, இரண்டு தரப்பிலும் காசு வாங்குவது ஆகியவை மோசடி.

இதில் எது நடந்திருக்கிறது என்பது காகிதத்தைப் பார்த்தால்தான் தெரியும். டீக்கடையைப் பார்த்துத் தெரியாது.

தமிழ்நாட்டில் நடந்த ஒரு வழக்கு

பெரியப்பாவுக்கு நடந்தது புதிதில்லை. சட்டம் படிக்கிற மாணவர்கள் எல்லோரும் படிக்கிற ஒரு தீர்ப்பு இருக்கிறது. 'வி.சி.ரங்கதுரை எதிர் டி.கோபாலன்'. நம் மாநிலத்து வழக்குதான்.

எழுபது வயதான, காது கேளாத ஒரு முதியவர். அவருடைய வயதான மனைவி. இருவரும் 15,000 ரூபாய்க்கும் 5,000 ரூபாய்க்கும் 1969-ல் எழுதி வாங்கிய இரண்டு புரோநோட்டுகளை வைத்து, கடனை வசூல் செய்ய ஒரு வக்கீலிடம் போனார்கள். புரோநோட்டுக்கு மூன்று வருடக் கெடு. அதற்குள் வழக்கு போட்டாக வேண்டும். வக்கீல் போடவில்லை. ஆனால் போட்டுவிட்டதாகச் சொன்னார். வாய்தா தேதிகளைச் சொன்னார். கடைசியில், 'ஜெயித்துவிட்டோம், டிகிரி ஆகிவிட்டது' என்றும் சொன்னார். அதை நம்பி, கடன் வாங்கியவருக்குப் பணத்தைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்பிய பிறகும் பயன் இல்லை. வழக்கே இல்லாதபோது டிகிரி எங்கிருந்து வரும்?

புகார் பார் கவுன்சிலுக்குப் போனது. மாநில பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அந்த வக்கீல் ஆறு வருடம் தொழில் செய்யத் தடை விதித்தது. அகில இந்திய பார் கவுன்சில் அதை ஒரு வருடமாகக் குறைத்தது. 1978-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இருந்த அமர்வு குற்றத்தை உறுதி செய்தது. பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுக்க வேண்டும், ஏழைகளுக்கான இலவச சட்ட உதவியில் வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் தடைக்காலத்தில் சலுகை கொடுத்தது.

அந்த முதியவரிடம் செல்போன் கிடையாது. நம் எல்லோரிடமும் இருக்கிறது. அந்த ஒரு வித்தியாசத்தை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

1. உங்கள் கேஸை நீங்களே பாருங்கள்

இந்தியாவின் கீழமை நீதிமன்றங்களில் பதிவாகும் ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. அதை வக்கீலிடம் கேட்டு வாங்கி, செல்போனில் பதிந்துகொள்ளுங்கள். 'இகோர்ட்ஸ் சர்வீசஸ்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி, போன வாய்தாவில் என்ன நடந்தது, வழக்கு உயிரோடு இருக்கிறதா என எல்லாம் தெரியும். எண் தெரியாவிட்டால் வாதி அல்லது பிரதிவாதி பெயரைக் கொடுத்தும் தேடலாம். பெயரை ஆங்கிலத்தில் எந்த எழுத்துகளில் பதிந்திருக்கிறார்கள் என்பதில் சிக்கல் வரும். இரண்டு மூன்று விதமாக எழுதிப் பாருங்கள்.

செயலியில் இருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். பதிவேற்றத்தில் தவறும் தாமதமும் நடக்கும். பெரியப்பாவின் வக்கீல் முதலில் சொன்ன பதிலும் அதுதான்: "அது சர்வர் தப்புங்க." உண்மையைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, கோர்ட்டில் நகல் மனு போட்டு, உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்குவது. வழக்கில் தொடர்புடையவர் என்ற முறையில் இதற்கு நீங்களே மனு போடலாம்.

2. கேள்வியை எழுத்தில் கேளுங்கள்

நேரில் போய்ச் சத்தம் போட்டால் பதிலும் சத்தமாகத்தான் வரும். "ஐயா, என் வழக்கு இந்தத் தேதியில் தள்ளுபடி ஆனதாகத் தெரிகிறது. இப்போதைய நிலை என்ன, என்ன மனு போடப்பட்டிருக்கிறது, நான் கொடுத்த தொகைக்குக் கணக்கு என்ன என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்." இவ்வளவுதான். மரியாதையாக எழுதி, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும் விதத்தில் தபாலில் அனுப்புங்கள். ஒரு நகலும் தபால் ரசீதும் உங்களிடம் இருக்கட்டும்.

பாதிப் பிரச்னை இந்தக் கடிதத்திலேயே தீர்ந்துவிடும். நியாயமான வக்கீலாக இருந்தால் விளக்கம் வரும். தீராவிட்டால், பின்னால் நீங்கள் கொடுக்கப்போகும் புகாருக்கு இதுதான் முதல் சாட்சி.

3. கணக்கு கேட்பது உங்கள் உரிமை

அகில இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி, கட்சிக்காரர் கொடுத்த பணத்துக்கு வக்கீல் கணக்கு வைத்திருக்க வேண்டும். கட்சிக்காரருக்காக ஏதாவது பணம் வந்தால் உடனடியாகத் தெரிவிக்க வேண்டும். கேட்டால் கணக்கின் நகலைக் கொடுக்க வேண்டும். "ஜெயிச்சா வர்ற காசுல எனக்கு இருபது பர்சென்ட்" என்று பேசுவதற்கு இந்தியாவில் அனுமதியே இல்லை. விபத்து இழப்பீடு, நில எடுப்பு இழப்பீடு வழக்குகளில் இந்தப் பேச்சு சர்வசாதாரணமாக வரும். சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இரண்டு வகை வழக்குகளும் பழக்கமானவைதான்.

உத்தரப்பிரதேசத்தில் நடந்தது இது. எழுதப்படிக்கத் தெரியாத ஓர் ஏழை முதியவரின் நிலத்துக்காக அரசு கட்டிய 8,118 ரூபாய் இழப்பீட்டை, அவருடைய வக்கீல் 1987-ல் கோர்ட்டிலிருந்து எடுத்துக்கொண்டு சொல்லாமல் இருந்துவிட்டார். புகார் வந்ததும், சமாதானம் ஆகிவிட்டது என்று முதியவர் பெயரிலேயே ஒரு பிரமாண வாக்குமூலத்தைத் தாக்கல் செய்தார். அது போலி என்று தெரிந்தது. பார் கவுன்சில் மூன்று வருடத் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2002-ல், அது போதாது என்று சொல்லி, அவருடைய பெயரை வக்கீல்கள் பட்டியலில் இருந்தே நீக்கியது. வெறும் 8,118 ரூபாய்தானே என்று நீதிமன்றம் பார்க்கவில்லை.

இழப்பீட்டு வழக்கு நடக்கிறது என்றால், உங்கள் சொந்த வங்கிக் கணக்கு விவரத்தை கோர்ட்டிலேயே கொடுத்துவிடுங்கள். விபத்து இழப்பீட்டை நேரடியாகப் பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொல்லியிருக்கிறது.

4. கேஸ் கட்டைத் திருப்பிக் கேளுங்கள்

"பாக்கி ஃபீஸைக் கொடுத்துட்டு கட்டை எடுத்துட்டுப் போங்க." இதைக் கேட்டதும் பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள்.

தேவையில்லை. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது என்று 2000-ல் ஆர்.டி.சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படிப் பிடித்துவைப்பது தொழில் ஒழுங்கீனம். ஃபீஸ் பாக்கி இருந்தால் அதை வசூலிக்க அவர் தனியாக வழக்கு போடலாம். நியாயமாகக் கொடுக்க வேண்டியதை நீங்களும் கொடுத்துவிடுங்கள். ஆனால் கட்டு உங்களுடையது.

5. வக்கீலை மாற்றலாம்

வக்காலத்தை ரத்து செய்வது உங்கள் உரிமை. பழைய வக்கீல் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், புது வக்கீல் ஆஜராகலாம். கொடுக்க மறுத்தால், காரணத்தைச் சொல்லி கோர்ட்டிலேயே அனுமதி வாங்கலாம். அவர் கையெழுத்துப் போடாததால் உங்கள் வழக்கு நின்றுவிடாது.

முக்கியமாக, முதலில் வழக்கைக் காப்பாற்றுங்கள், பிறகு வக்கீலோடு சண்டை போடலாம். ஆஜராகாததால் தள்ளுபடியான வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்க 30 நாள்தான் கெடு. அது தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போட வேண்டும். வக்கீலின் தவறுக்குக் கட்சிக்காரர் பலியாகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1981-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால், "வக்கீல்கிட்ட கொடுத்துட்டேன், அப்புறம் திரும்பிப் பார்க்கலை" என்று சொல்பவர்களிடம் நீதிமன்றங்கள் இப்போதெல்லாம் கறாராகத்தான் இருக்கின்றன. நீங்கள் தொடர்ந்து விசாரித்தீர்கள் என்பதைக் காட்ட வேண்டும்.

6. எங்கே புகார் கொடுப்பது?

தமிழ்நாடு - புதுச்சேரி பார் கவுன்சில். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. வழக்கறிஞர்கள் சட்டம் 1961-ன் 35-வது பிரிவின்படி, எச்சரிக்கை, தற்காலிகத் தடை, பட்டியலில் இருந்து நீக்கம் என்று எந்தத் தண்டனையும் கொடுக்க அதற்கு அதிகாரம் உண்டு. புகாரைத் தமிழிலேயே எழுதலாம். மனு வடிவில் எழுதி, 'இதில் உள்ளவை உண்மை' என்ற உறுதிமொழியோடு கையெழுத்திட்டு, ஆதார நகல்களையும் உரிய கட்டணத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் மாநிலக் குழு முடிக்காவிட்டால், புகார் அகில இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். தீர்ப்பில் திருப்தி இல்லை என்றால் 60 நாளுக்குள் அங்கே மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது.

ஆனால் ஒன்று. பார் கவுன்சில் வக்கீலைத் தண்டிக்கும் இடம். போன பணத்தை வசூலித்துத் தரும் இடம் என்று நினைத்துப் போகாதீர்கள். பணத்துக்கு சிவில் வழக்குதான் வழி. பணத்தைக் கையாடல் செய்தது, ஏமாற்றியது, போலி ஆவணம் தயாரித்தது போன்றவை கிரிமினல் குற்றங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் நம்பிக்கை மோசடிக்கு 316-வது பிரிவு, ஏமாற்றுக்கு 318-வது பிரிவு. காவல் நிலையத்தில் எடுக்காவிட்டால் எஸ்.பி-க்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? முடியாது. வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வாட்ஸ்அப் குரூப்பில் பெயரைப் போட்டு எழுதுவது மட்டும் வேண்டவே வேண்டாம். உங்கள் மேலேயே அவதூறு வழக்கு வரும். அப்புறம் அதற்கு ஒரு வக்கீல் தேட வேண்டும்!

7. காசு இல்லையா? இலவச வக்கீல் உண்டு

இது குறிப்பாக மலையில் இருப்பவர்களுக்கு. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த பகுதி. நிலத்துக்கு யாரிடம் என்ன காகிதம் இருக்கிறது என்பதே அங்கே பல குடும்பங்களுக்குச் சிக்கல். 2024 ஜூனில் கருணாபுரம் விஷச்சாராயச் சாவுகள் நடந்த பிறகுதான், மலை மக்களின் வாழ்வாதாரம் பற்றி உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. வெள்ளிமலையிலிருந்தோ சேராப்பட்டிலிருந்தோ ஒரு வாய்தாவுக்குக் கீழே இறங்கினால் அன்றைய கூலி போச்சு. அதனால் பலரும், "நீங்க வர வேண்டாம், நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லும் ஆளிடம் வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைரேகையோ வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

செம்மர வழக்குகளில் ஆந்திரச் சிறைகளுக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு இது இன்னும் கொடுமை. மொழி தெரியாது, வக்கீலின் முகம் தெரியாது, காசு கைமாறுவது புரோக்கர் வழியாக. 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் இரண்டு வன அதிகாரிகள் கொல்லப்பட்ட வழக்கில், 287 பேரை 2016 மார்ச்சில் திருப்பதி நீதிமன்றம் விடுதலை செய்தது. அதில் ஏராளமானோர் தமிழ்நாட்டு மலைக் கிராமத்துக்காரர்கள். இரண்டு வருடத்துக்கும் மேலாக அவர்களுடைய வீடுகளில் இருந்தவர்கள், 'ஜாமீன் மனு போட்டாச்சா?' என்ற ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் காத்திருந்ததை நினைத்துப் பாருங்கள்.

பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், குழந்தைகள், சிறையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமாக வக்கீல் வைத்துத்தர சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் கடமைப்பட்டவை. மலையாளி பழங்குடி மக்களும் இதில் வருவார்கள். கள்ளக்குறிச்சி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற தேசிய உதவி எண்ணில் கூப்பிடலாம். வேறு மாநிலத்து வழக்காக இருந்தாலும் இந்த எண்ணும், இகோர்ட்ஸ் செயலியும் வேலை செய்யும். இலவச வக்கீலாக வந்தவர் உங்களிடம் காசு கேட்கக் கூடாது. கேட்டால், அனுப்பிய குழுவிடமே புகார் சொல்லுங்கள்.

பெரியம்மாவின் நோட்டு

பெரியப்பா வழக்குக்கு வருகிறேன். புது வக்கீல் ஒரு கேள்விதான் கேட்டார். "நீங்க இத்தனை மாசமா விசாரிச்சுக்கிட்டுத்தான் இருந்தீங்கன்னு காட்ட ஏதாவது இருக்கா?"

ரசீது எதுவும் இல்லை. ஒருமுறைகூட ரசீது கேட்கவில்லை. "எப்படிம்மா கேக்கறது? அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய் வெச்சிட்டு வந்தவன் நான்" என்றார் பெரியப்பா.

உள்ளே இருந்து பெரியம்மா ஒரு பழைய நோட்டோடு வந்தார். பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதுகிற நோட்டு. அதில் நடுநடுவே, 'கோர்ட்டு 500, பஸ்சு 40' என்று தேதி போட்டு எழுதியிருந்தார். ஒன்பது இடத்தில். ஒன்பது தேதியும் வழக்கு தள்ளுபடியான பிறகு வந்த தேதிகள்.

தாமத மன்னிப்பு மனுவோடு அந்த நோட்டின் பக்கங்களும் போயின. எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கட்டச் சொல்லி, மனுவை கோர்ட் ஏற்றுக்கொண்டது. வழக்குக்குப் பழைய எண்ணே திரும்பக் கிடைத்திருக்கிறது. ஜெயித்துவிடவில்லை. விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பம். பாதை இன்னும் அடைத்தபடிதான் இருக்கிறது. மரவள்ளி மூட்டையைச் சுற்றி எடுத்துப்போய்தான் வண்டியில் ஏற்றுகிறார்கள்.

பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதுவதா வேண்டாமா என்று பெரியப்பா ரொம்ப நாள் யோசித்தார். பழகிய மனிதர், வயதானவர், போகட்டும் என்றார். பெரியம்மாதான் முடித்துவைத்தார்: "மொய்யு வேற, மோசம் வேறங்க. நாளைக்கு அவர்கிட்ட இன்னொருத்தர் போவார்ல?"

தமிழில், இரண்டு பக்கத்தில், திட்டாமல், தேதி வாரியாக எழுதினோம். பதிவுத் தபால் ரசீதை பெரியம்மா அதே நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறார்.

இதைப் படித்து முடித்ததும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ, அப்பா, மாமா, சித்தப்பா வீட்டிலோ நடந்துகொண்டிருக்கும் ஒரு வழக்கை எடுத்து, செல்போனில் தேடிப் பாருங்கள். அடுத்த வாய்தா தேதி நீங்கள் கேள்விப்பட்டதும் அதில் இருப்பதும் ஒன்றாக இருந்தால், உங்கள் வக்கீலுக்கு மனதார ஒரு நன்றி சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் அதுதான் நடக்கும். வேறாக இருந்தால், நாளைக்கே நகல் மனு போடுங்கள். 30 நாள் என்பது ரொம்பச் சின்னக் கெடு.